பாலத்தடியில் கழற்றிய டிராக்டர்

உயிர்த்த ஞாயிறன்று கோவில்களில் குண்டு வெடித்த வருஷம் அது. வைகாசி மாதம். மன்னார்த் தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்தடியில் நடந்தது. இன்றைக்கும் பஸ் அந்த இடத்தைக் கடக்கும்போது நான் வெளியே பார்ப்பதில்லை. மடியில் இருக்கும் பையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் தீவில், பள்ளிமுனையில் வீட்டிலிருந்தே தையல் தைப்பவள். கலியாணம் செய்யவில்லை. தம்பி பெருநிலக் கரையில் அரிப்பு என்ற ஊரில் பெண் எடுத்து அங்கேயே கடலுக்குப் போய்வந்தான். எங்களுக்குள் வயசு வித்தியாசம் பெரிதாக இல்லை. அதனால் சின்ன வயசிலிருந்தே நீ, நான் என்றுதான் பேச்சு.

சுவிசில் இருக்கும் எங்கள் அண்ணன் ஒருமுறை தன் பிள்ளைகள் விளையாடி முடித்த பிளாஸ்ரிக் கட்டைகளை ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருந்தார். ஒன்றோடு ஒன்று பொருத்தி வீடு, லொறி என்று கட்டுகிற கட்டைகள். தம்பிக்கும் பிள்ளைகள் இல்லை. யாருக்காவது கொடுப்போம் என்றுதான் பெட்டியைத் திறந்தோம். திறந்த நாளில் இரண்டு பேரும் நிலத்தில் உட்கார்ந்து ஒரு லொறி கட்டினோம். பிறகு அந்தப் பெட்டி எங்கள் வீட்டைவிட்டுப் போகவே இல்லை. தம்பி மன்னாருக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வாகனம் கட்டுவோம். நரை விழுந்த வயசில் இது என்ன விளையாட்டு என்று அயலில் சிரித்தார்கள். நாங்கள் கவலைப்படவில்லை.

வெறுமனே உருட்டுகிற வண்டி தம்பிக்கு அலுத்துவிட்டது. அண்ணனிடம் கேட்டு, அந்தக் கட்டைகளோடு பொருந்தும் சின்ன மோட்டரும் பற்றரிப் பெட்டியும் எடுப்பித்தான். எங்கள் கரையில் கரைவலை இழுப்பதற்கு டிராக்டரின் பின்பக்கம் வின்ச் பூட்டி, அதில் கயிற்றைச் சுற்றி இழுப்பார்கள். அதைப் போலவே ஒன்று செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. டிராக்டர் அழகாகத்தான் வந்தது. ஆனால் மோட்டரை நேரடியாகப் பூட்டியதால் வின்ச் விர்ரென்று சுற்றியதே தவிர, கயிற்றில் எதையாவது கட்டினால் அப்படியே நின்றுவிட்டது.

"செருப்பையே இழுக்கேல்ல. இது எங்க வலையை இழுக்கப் போகுது?" என்று சிரித்தான். "நீ வச்சுப் பார் அக்கா. இழுத்தாப் பிறகு கொண்டு வா."

அதற்குப் பிறகுதான் அவனுக்கு வயிற்று வலி என்று தொடங்கியது. மன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். புற்றுநோய். பிந்தித்தான் கண்டுபிடித்தார்கள்.

அவன் கொழும்பில் படுத்திருந்த மாதங்களில், தைத்து முடிந்த நேரமெல்லாம் நான் அந்த டிராக்டரோடு மல்லுக்கட்டினேன். சின்னப் பல்லுச்சக்கரம் பெரியதைச் சுற்ற, அதன் அச்சிலிருக்கும் இன்னொரு சின்னது அடுத்த பெரியதைச் சுற்ற என்று அடுக்கிப் பார்த்தேன். வேகம் குறைந்தது, பலம் வந்தது. பலம் வந்ததும் வேறு தொல்லை. பாரம் அசையாமல் டிராக்டர் அதை நோக்கி வழுக்கிக்கொண்டு போனது. பாரமான பற்றரிப் பெட்டியை முன்னாலிருந்து கழற்றி, இருக்கைக்குக் கீழே தாழ்வாக இறக்கினேன். பிறகுதான் டிராக்டர் நிலத்தில் ஊன்றி நின்றது. வின்ச் மெல்ல மெல்ல என் கத்தரிக்கோலை இழுத்து வந்தது. அன்று நான் தனியே இருந்து கைதட்டினேன்.

குண்டு வெடித்துச் சில கிழமைகளில் அவனை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். இனி வைத்திருந்து பலனில்லை என்பதுதான் அதன் அர்த்தம். மச்சாள், அதாவது தம்பியின் மனைவி, போனில் அழுதாள். பிறகு அவனிடம் கொடுத்தாள்.

"இழுக்குதோ?" என்று கேட்டான். குரல் அவனுடையது போலவே இல்லை.

"இழுக்குது."

"அப்ப கொண்டு வா. அந்தச் சத்தத்தைக் கேக்கோணும்."

மறுநாள் காலையில் டிராக்டரை ஒரு பழைய துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உடையாமல் இருக்கத்தான் சுற்றினேன். ஒளித்துக்கொண்டு போவதுபோல் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிறு பூசைகூட நின்றுபோயிருந்த நாட்கள் அவை. சந்திக்குச் சந்தி சோதனை. இருந்தும் என் மனசு முழுக்க அரிப்பில் இருந்தது.

பாலத்தடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பையைத் திறந்து பிடித்தபடி வரிசையில் நடக்க வேண்டும். என் முறை வந்தது. ஆமிக்காரப் பொடியன் துவாயின் நுனியைத் தூக்கினான். கறுப்பு வயர், பற்றரிப் பெட்டி, மோட்டர். "மொகக்த மே?" என்றான். இது என்ன என்று கேட்கிறான் என்று விளங்கியது. "விளையாட்டுச் சாமான்" என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. பின்னால் பாய்ந்து ஏதோ கத்தினான்.

ஒரு கணத்தில் என்னைச் சுற்றி யாருமே இல்லை. வரிசையில் நின்ற சனம் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவிட்டது. பையை நிலத்தில் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். வைத்தேன். கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். மண்மூட்டைகளுக்கு அப்பால் துவக்குகள் என்னைப் பார்த்தபடி இருந்தன.

கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ் பெண்ணைக் கூட்டி வந்தார்கள். அவள் தூரத்தில் நின்றே கேட்டாள்.

"அக்கா, அது என்ன? யாரு குடுத்தது?"

"நானே செய்தனான். சின்ன டிராக்டர். தம்பிக்குச் சுகமில்லை, அவனுக்குக் காட்டக் கொண்டு போறன்."

அவள் அங்கே நின்ற ஆமிப் பெரியவரிடம் சிங்களத்தில் திருப்பிச் சொன்னாள். அவர் நம்பவில்லை. வளர்ந்த ஒரு மனுசி சுகமில்லாத வருத்தக்காரனுக்கு விளையாட்டு டிராக்டர் கொண்டுபோகிறாள் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஏதோ சொன்னார். அவள் தயங்கித் தயங்கி அதை எனக்குச் சொன்னாள்.

"சுவிட்ச் போடச் சொல்றாரு. நீங்கதான் போடணும்."

எல்லாரும் இன்னும் பின்னால் போனார்கள். கிறவல் கல் பரவிய நிலத்தில் நானும் அந்த டிராக்டரும் மட்டும். குனிந்து துவாயை விலக்கினேன். விரலைச் சுவிட்சில் வைத்தேன். அப்போது எனக்கு ஒரு பயம் வந்தது பாருங்கள், அதை இன்றுவரை யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. ஒவ்வொரு கட்டையாக நான் பொருத்தியது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அத்தனை பேர் ஒளித்து நின்று பார்த்தபோது, உள்ளே வேறு ஏதாவது இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

வின்ச் சுற்றியது. சின்னதாக ஒரு இரைச்சல். தம்பி கேட்க ஆசைப்பட்ட சத்தம். அவனுக்கு முன்னால் அதைக் கேட்டவர்கள் ஆமிக்காரர்.

அதோடு விடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை. முழுவதையும் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். வெயிலில் உட்கார்ந்து சில்லு, இருக்கை, பல்லுச்சக்கரம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அவசரத்தில் சில கட்டைகள் கிறவலுக்குள் விழுந்து காணாமல் போயின. பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு மனுசி கத்தினாள்: "உமக்கென்ன விசரோ? உந்த வயரெல்லாம் இப்ப காவித் திரியிற காலமோ? எங்களையுமெல்லோ மறிச்சு வச்சிருக்கினம்!" அவளில் பிழை சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் பயம். கொஞ்ச நேரத்தில் பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

கடைசியில் மோட்டரையும் பற்றரிப் பெட்டியையும் வயரோடு எடுத்து வைத்துக்கொண்டார்கள். மேலிடத்துக்குக் காட்ட வேண்டுமாம். நான் அந்தப் பொலிஸ் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தங்கச்சி, அது இல்லாமல் இது ஓடாது. அவன் கனநாள் இருக்க மாட்டான்."

அவள் திரும்பிப் பெரியவரோடு கதைத்தாள். கெஞ்சுவது போலத்தான் இருந்தது. அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் குந்தி, சிதறிக் கிடந்த கட்டைகளைப் பொறுக்கி ஒரு சொப்பிங் பையில் போட்டாள். "தம்பி வீடு எங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அரிப்புக் கோவிலுக்குக் கிட்ட என்றேன். அடுத்து வந்த வானை மறித்து என்னை ஏற்றிவிட்டாள்.

தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. அவன் முன்னறையில் பாயில், சுவரில் சாய்ந்தபடி இருந்தான். கையும் காலும் குச்சி. என்னைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தான். நான் நடந்ததைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். மச்சாள் ஆமிக்காரரைத் திட்டினாள்.

அவன் கையை நீட்டிச் சொப்பிங் பையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "கட்டையள் இருக்குத்தானே. கொட்டு" என்றான்.

பாயில் கொட்டினேன். கட்டத் தொடங்கினேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இடையில் வலி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான், நான் நிறுத்துவேன். "நிப்பாட்டாத" என்பான். பல்லுச்சக்கரங்களை அடுக்கிய விதத்தைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு மாற்றம். "ரெண்டு அடுக்கோ? நல்லா யோசிச்சிருக்கிறாய்" என்றான். மோட்டர் பூட்ட வேண்டிய அச்சு மட்டும் வெறுமையாக நீட்டிக்கொண்டு நின்றது.

"அதில ஒரு சின்னச் சில்லைக் கொழுவு" என்றான். "கையால சுத்திப் பாப்பம்."

"பற்றரிப் பெட்டி இல்லை. பாரம் காணாது, வழுக்கும்."

அவன் மூலையில் கிடந்த பழைய வலையைக் காட்டினான். மச்சாள் அதிலிருந்து ஈயக் குண்டுகளை வெட்டி எடுத்துக் கொடுத்தாள். பற்றரிப் பெட்டி இருந்த இடத்தில் அவற்றை அடைத்தேன். கயிற்றின் நுனியில் என்னத்தைக் கட்டுவது என்று கேட்டேன். தலைமாட்டில் இருந்த பெரிய தண்ணீர்ப் போத்தலைக் காட்டினான். நிறையத் தண்ணீர்.

"தம்பி, அது பாரம். நான் கத்தரிக்கோலைத்தான் இழுத்துப் பாத்தனான்."

"கட்டு."

போத்தலை அறையின் அந்தப் பக்கத்தில் சரித்து வைத்துக் கட்டினேன். டிராக்டரை அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். தேத்தண்ணீர்க் கோப்பையைக்கூட அவனால் பிடிக்க முடியாமல் மச்சாள்தான் பருக்கிக்கொண்டிருந்தாள். அந்த விரல்கள் சில்லைத் தொட்டன. வழுக்கின. மறுபடி தொட்டன. சுற்றினான். கயிறு இறுகியது. போத்தல் அசையவில்லை. நான் உதவலாமோ என்று கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையை அசைத்தான். இன்னும் கொஞ்சம் சுற்றினான்.

போத்தல் அசைந்தது.

சீமெந்து நிலத்தில் உரசிக்கொண்டு, நிற்பதும் நகர்வதுமாக அது அவனை நோக்கி வந்தது. சுற்றிச் சுற்றிக் களைத்துவிடுவான். இளைப்பாறுவான். மறுபடி சுற்றுவான். மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெளியே வெயில் இறங்கிவிட்டது. போத்தல் அவன் காலைத் தொட்டபோது அவன் சட்டை முழுக்க வியர்வை.

"பாத்தியே அக்கா," என்றான். "நான்தான் இழுத்தனான்."

சிரிக்க முயன்றான். இருமல் வந்துவிட்டது.

அந்தக் கிழமையே அவன் போய்விட்டான். அடக்கப் பூசைக்கு வந்த சனத்தைக் கோவில் வாசலில் மறித்து, ஒவ்வொருவராகச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். கடலுக்குப் போகிற அவனுடைய சிநேகிதர்கள் மெழுகுதிரிப் பெட்டியைக்கூடத் திறந்து காட்டினார்கள்.

அடக்கம் முடிந்து சில நாட்கள் நான் அரிப்பிலேயே நின்றேன். ஒரு பின்னேரம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். சாதாரணச் சட்டை. முதலில் அடையாளம் தெரியவில்லை. கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"அக்கா, இன்னைக்குத்தான் தந்தாங்க," என்றாள் அந்தப் பொலிஸ் பெண். "லீவு போட்டு வந்தேன். தம்பி எங்க?"

மச்சாள் உள்ளே கையைக் காட்டினாள். மேசையில் அவனுடைய படம், முன்னால் மெழுகுதிரி. அந்தப் பெண் வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். படத்துக்கு முன்னால் போய் நின்று சிலுவை அடையாளம் போட்டாள். எனக்குத் திக்கென்றது. அவளும் எங்கள் வேதக்காரி. அந்த உயிர்த்த ஞாயிறில் அவள் வீட்டில் என்ன நடந்ததோ, யாரை இழந்தாளோ. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னோம். இருக்காமல் நிலத்தில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து மோட்டரையும் பற்றரிப் பெட்டியையும் எங்கள் முன்னால் வைத்தாள். போகும்போது, "மன்னிச்சிருங்க அக்கா" என்றாள்.

அந்த மோட்டரை நான் திரும்பப் பூட்டவில்லை. மச்சாள் ஒருமுறை ஆறுதலாகச் சொன்னாள்: "மோட்டர் இருந்திருந்தால் அவர் சுவிட்சைப் போட்டுட்டுப் படுத்திருப்பார். தன்ர கையால இழுத்திருக்க மாட்டார்." அவள் சொன்னது சரியாக இருக்கலாம். எனக்கு அப்படி ஆறுதல்பட வரவில்லை. அவன் கேட்டது அந்தச் சத்தத்தை. அது அவனுக்குக் கிடைக்கவில்லை.

சந்தேகத்தில் ஒருவரிடமிருந்து பறித்ததை எந்த நல்ல மனசாலும் நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன். ஆனாலும் திருப்பிக் கொடுக்க ஒருத்தி அவ்வளவு தூரம் தேடி வந்தாளே, அதை நினைத்துத்தான் நான் இன்னும் மனிசரை வெறுக்காமல் இருக்கிறேன்.