யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத பரங்கிக்காய்

என் மகள் ரூத்துக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்த மாதமே, அது கைநழுவிப் போகிற நிலைமையும் வந்தது. படிப்புச் சம்பளம் கட்ட வழியில்லை. என் கணவர் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்த பிறகு, சைதாப்பேட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்துத்தான் நானும் அவளும் கஞ்சி குடித்தோம். அந்த நாட்களில் நான் அழாத அழுகை இல்லை. பிரியமானவர்களே, அதிலிருந்து கர்த்தர் எங்களைத் தூக்கிவிட்டதைச் சொல்லாமல் கண்ணை மூடினால் நான் நன்றி கெட்டவள்.

மாம்பலம் ஏரியைத் தூர்த்து தியாகராய நகருக்கு மனை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போது அடையாற்றில் துணி துவைப்போம்; கொஞ்சம் தள்ளி மணலில் ஊற்றுத் தோண்டி, குடிக்கிற தண்ணீரையும் அங்கேயே மொண்டு வருவோம். மவுண்ட் ரோடில் மோட்டார் வந்தால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். இருந்ததெல்லாம் கொஞ்சம்தான். ஆனாலும் அந்தச் சைதாப்பேட்டையை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

மயிலாப்பூரில் ஒரு பெரிய வக்கீல், ரூத்தின் படிப்புச் செலவு முழுவதும் தன் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்தத் தைரியத்தில்தான் விண்ணப்பமே போட்டோம். இடம் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லப் போனால், மனுஷர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பிணம் அறுக்கிற படிப்பு பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கம்மா? கல்யாணம் பண்ணி வை. அதுக்கு வேணும்னா தர்றேன்” என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “கல்யாணத்துக்குன்னு நான் உங்ககிட்ட வரலைங்களே ஐயா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். ரோஷமாகத்தான் இறங்கினேன். தேனாம்பேட்டைத் தோட்டங்களைத் தாண்டுவதற்குள் ரோஷம் கரைந்து அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். ஜெபம் என்றா சொல்வது, சண்டைதான் போட்டேன். “ஆண்டவரே, கதவைத் திறந்ததும் நீர், சாத்துவதும் நீர் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? அந்த வக்கீல் மனசைத் திருப்பும்!” தினமும் இதேதான். வக்கீல் மனசு திரும்பவில்லை.

எங்கள் சபையின் போதகர் விஷயம் தெரிந்து வந்தார். இந்த வருஷம் விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்புப் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டு வருகிற பணத்தை ரூத்தின் படிப்புக்குக் கொடுக்கலாம் என்றார்.

“எங்களுக்காக ஊர்கூட்டி மடியேந்தப் போறீங்களா ஐயா?” என்று அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

“உனக்காக இல்லம்மா. பொம்பளை டாக்டர் இல்லாம இந்தப் பேட்டையில எத்தனை தாய் போயிருக்குது? அதுக்காக” என்றார். “சரிங்க ஐயா” என்றேன்.

பண்டிகை வந்தது. கொண்டுபோக வீட்டில் ஒன்றுமில்லை. கூரையில் படர்ந்த கொடியில் ஒரே ஒரு பரங்கிக்காய். அன்றைக்குக் குழம்புக்கென்று வைத்திருந்ததை, “கர்த்தாவே, இதுதான் இருக்கிறது” என்று எடுத்துப்போய் எங்கள் சபைக் கோயிலில் வைத்தேன்.

அந்தக் காலத்து ஏலத்தில் குறைந்த விலைக்குச் சேவலை அடித்துக்கொண்டு போவதுதான் சாமர்த்தியம். போதகருக்கு உதவியாக இருந்த உபதேசியார் தொண்டை கிழியக் கூவினாலும் ஒருவரும் லேசில் ஏற மாட்டார்கள். அன்றைக்கும் தேங்காயும் கோழியும் அடிமாட்டு விலைக்குப் போயின. கடைசியில் உபதேசியார் என் பரங்கிக்காயைத் தூக்கினார்.

“ஒரு ரூபா!” என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு ரூபாய்க்குக் கூடை நிறையக் காய்கறி வாங்கலாம். திரும்பிப் பார்த்தால் எங்கள் தெருவில் வண்டிக் குதிரைகளுக்குச் சேணம் தைக்கிற கரீம் பாய். ஏலத்தை வேடிக்கை பார்க்க வேற்று மதத்தாரும் வருவதுண்டு. மேசையில் ரூபாயை வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு நடந்தார்.

“பாய்! உங்க காய் இங்க கீது பாரு!” என்று உபதேசியார் கத்தினார்.

“அது இன்னாத்துக்கு எனக்கு?”

“ஏலம் எடுத்தீங்களே?”

“நான் துட்டு குடுக்க வந்தேன். காயா கேட்டேன்?”

அவருக்கு ஏலமே தெரியாது. விலை சொல்வதுதான் தர்மம் கொடுக்கிற முறை என்று நினைத்திருக்கிறார். மறுபடி சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

“எங்க வூட்ல அவ நோவுல துடிச்சிக்கினு கெடந்தா. ஆம்பள டாக்டரு வாசல்ல நின்னுக்கினு இருந்தாரு. உள்ள வுடவே கூடாதுன்னுட்டா. பொண்ணைப் பெத்துக் குடுத்துட்டு அவ போய்ட்டா. இந்தம்மா மக படிச்சி வந்தா, என் பொண்ணுக்காவது ஆவும்ல?”

உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே காயை மறுபடி ஏலம் போட்டார். ஒரு ஜட்கா வண்டிக்காரர் எடுத்தார், காசை வைத்தார், காயைத் தொடவில்லை. அடுத்து எங்கள் பள்ளி வாத்தியார். அடுத்து மீன்காரம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு. கோழி வாங்கினவர்கள்கூடக் கோழியைத் திரும்பக் கொண்டுவந்து ஏலத்துக்கு விட்டார்கள். சாயங்காலம் வரை அந்த ஒரு பரங்கிக்காய் மேசையை விட்டு அசையவில்லை. நான் ரூத்தைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதேன்.

முதல் வருஷச் சம்பளம் அன்றைக்கே சேர்ந்தது. மீதி வருஷங்களுக்கும் சபையார் கைவிடவில்லை. ரூத் பாடத்துக்கு எலும்புகளைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் வாசலை மிதிக்கப் பயப்படுவார்கள். அந்தப் பெட்டி பக்கத்தில் நானும் அவளும் தலைவைத்துத் தூங்கின நாட்கள் திரும்பி வராதா என்று இருக்கிறது.

அவள் டாக்டராகி சைதாப்பேட்டையிலேயே பிரசவம் பார்க்க ஆரம்பித்துச் சில வருஷம் கழித்து, ஒரு மத்தியானம் கரீம் பாய் ஓடி வந்தார். அவர் மகள் ஜைனப்புக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். நானும் ரூத்தும் அவர் வீட்டுக்கு ஓடினோம். ரூத் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பாய் தெருவில் நின்று வானத்தைப் பார்த்துக் கையேந்தினார். நான் அவர் வாசற்படியில் முழங்கால் போட்டேன். ஊர் பார்க்கிறதே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பாய் அசையவில்லை. ரூத் வெளியே வந்து, “பேரன் பொறந்துட்டான் பாய்” என்றாள்.

“என் பொண்ணு?” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ரூத் பதில் சொல்வதற்குள், உள்ளேயிருந்து, “அத்தா, நான் நல்லாக் கீறேன்” என்று ஈனசுரத்தில் ஜைனப்பின் குரல் வந்தது. அந்த மனுஷர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சகோதர சகோதரிகளே, ஜெபம் பண்ணுங்கள். ஆனால் உதவி எந்த வீட்டிலிருந்து வரவேண்டும் என்று கர்த்தருக்கு விலாசம் எழுதிக் கொடுக்காதீர்கள். படிக்கத் துடிக்கிற ஒரு பிள்ளையைக் கண்டால், இருப்பதில் கொஞ்சம் கொடுங்கள். யாருடைய உயிருக்காகக் கொடுக்கிறோம் என்று கொடுக்கிற அன்றைக்கு நமக்குத் தெரியாது. ஜைனப்பின் குரலை நான் என் காதால் கேட்டேன். கேட்கிற தேவன் ஒருவர் இருக்கிறார் என்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அவரை நம்புங்கள்.