மூன்றாவது வரியில் நின்ற பபல்வா

பபல்வாவை எனக்குப் பிடிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். தென்னாப்பிரிக்காவின் எம்தன்ட்சானேயில் ஒரே திருச்சபையின் பாடகர் குழுவில் பதினெட்டு வருடம் சேர்ந்து பாடினோம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க படுக்கை விரிப்பு மடிப்பது அவள் வேலை. எண்ணி எண்ணித்தான் பேசுவாள். அவளுக்கும் சேர்த்து அவள் அக்கா ஸோலேகா பேசித் தீர்த்துவிடுவாள்.

குழுவிலும் அப்படித்தான். அக்கா முதல் குரல், தங்கை இரண்டாம் குரல், அக்கா இடப்பக்கம், தங்கை வலப்பக்கம் ஒட்டி நிற்பார்கள். மெட்டு அக்காவிடம் இருக்கும். தங்கை கீழே இருந்து அதைத் தாங்குவாள். அந்தக் கீழ்க்குரலைத் தனியாகக் கேட்டால் இரண்டு மூன்று சுரத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், பாட்டு மாதிரியே இருக்காது. அதைப் பாடுகிறவர்களை யாரும் நிறுத்திக் கைகுலுக்குவதுமில்லை.

போன குளிர்காலத்தில் ஸோலேகா காசநோயில் போய்ச் சேர்ந்தாள். எங்களில் யாருக்கும் இல்லாத நீண்ட மூச்சு அவளுக்கு. அந்த மார்பில்தான் நோய் வந்து உட்கார வேண்டுமா என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். குழுவை நடத்தும் வெலாஃபி சார் அவள் இடத்தில் என்னை நிறுத்தினார். அன்றோடு பபல்வா ஒத்திகைக்கு வருவதை விட்டாள். வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"என் மேல ஏதும் கோவமாடி?"

"உங்க மேல என்ன கோவம், நோமோண்டே அக்கா? பக்கத்துல வேற குரல் கேட்டா எனக்கு வாயே வர மாட்டேங்குது."

அந்த வேற குரல் நான்தான். சுருக்கென்றது. அப்படியே திரும்பிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து டிவி பாட்டுப் போட்டிக்கு அவள் ஜோஹன்னஸ்பர்க் போகிறாள் என்றார்கள். கோழிக்கு முன்னால்கூட தனியாகப் பாடாதவள் அங்கே எப்படிப் பாடுவாள் என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் என் காதுக்கு வந்தது: "அங்க தனியாத்தான் பாடணும். பக்கத்துல யாரும் நிக்க மாட்டாங்க."

வாராவாரம் ஜெயித்தாள். டாக்ஸிக்காரர்கள் பின்கண்ணாடியில் அவள் படத்தை ஒட்டினார்கள். நானும் ஓட்டுப் போட்டேன். வயிற்றெரிச்சலோடுதான் போட்டேன், ஆனாலும் போட்டேன். ஐந்து பேர் மிஞ்சினார்கள். இந்த வாரம் தாண்டினால் கடைசிச் சுற்று. ஜெயித்தால் சொந்தமாக ஒரு இசைத்தட்டு, சலவைக்கூடத்துக்கு ஒரு கும்பிடு.

அந்த வாரம் அவரவர் ஊர்ப்பாட்டு பாட வேண்டும். சவப்பெட்டியை வாசல் தாண்டித் தூக்கும்போது எங்கள் சபை பாடும் பாட்டை அவள் எடுத்தாள். வாத்தியம் எதுவும் வேண்டாம் என்றுவிட்டாள்.

ஞாயிறு சாயங்காலம் சபை மண்டபத்தில் டிவி வைத்தோம். சிவப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பியோடு தாய்மார் சங்கம் முழுவதும் முன்வரிசையில். பபல்வா வாயைத் திறந்தாள். வந்தது கீழ்க்குரல்.

"ஐயோ, மெட்ட மறந்துட்டாளே" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"மறக்கல. அவ பங்கத்தான் பாடுறா" என்றார் வெலாஃபி சார்.

இரண்டு வரி அப்படியே போனது. நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பாட்டில் மூன்றாவது வரியை முதல் குரல் மட்டும் தொடங்க வேண்டும், மற்றவர்கள் பிறகுதான் சேர வேண்டும். பபல்வா நிறுத்தினாள். இடப்பக்கம் லேசாகத் தலையைத் திருப்பி நின்றாள். டிவியில் ஒரு சத்தம் இல்லை. நாடே அவள் தடுமாறுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்து பாடினேன். ஏன் எழுந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பாதியில் மூச்சு தீர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து அங்கே டிவியில் அவள் சேர்ந்தாள், இங்கே மண்டபம் முழுக்கச் சேர்ந்தது. எங்களுக்கு மட்டும் பாட்டு முழுசாகக் கேட்டது.

"பாட்டு மறந்துபோச்சாம்மா?" என்று நடுவர் கேட்டார்.

"இல்ல சார்" என்றாள். அன்றே அவளைப் போட்டியிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வந்திறங்கினாள். டாக்ஸிகளில் பாதிப் படங்கள் அதற்குள் கிழிந்திருந்தன. திட்டத்தான் போனேன். அவள் எனக்குத் தேநீர் போட்டாள்.

"மெட்டு உனக்குத் தெரியாதா? அத்தன வாரம் பாடினியே."

"அது வேற பாட்டுங்க. இதுல அவ இடத்துல நான் எப்படிப் பாடுவேன்? அவ வந்துடுவான்னு நின்னேன் அக்கா." கண்ணைத் துடைத்தாள். "யாருமே வரல."

"நான் வந்தேன்."

நிமிர்ந்து பார்த்தாள்.

"மண்டபத்துல. நீ நிறுத்தின அதே இடத்துல நான் எடுத்தேன்."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"முழுசா இழுத்தீங்களா, அவள மாதிரி?"

"எங்கடி? நீ வர்றதுக்குள்ள எனக்கு மூச்சு முடிஞ்சுபோச்சு."

"அப்ப நான் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும்" என்றாள்.

அடுத்த ஞாயிறு என் வலப்பக்கத்தில் வந்து நின்றாள். அதே பாட்டைத்தான் சார் எடுத்தார். மூன்றாவது வரியில் என் மூச்சு தீர்வதற்குள் அவள் சேர்ந்துகொண்டாள்.