சாமி என்று நினைத்த மூச்சு

மூன்றாவது பிள்ளை நல்லபடியாய்ப் பிறந்தால் மாரியாத்தாளுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். பிள்ளை பிறந்தது, குடத்தையும் தூக்கிவிட்டேன். திண்டுக்கல்லில் மாசித் திருவிழாவுக்கே வெயில் கொளுத்தும். கோயில் வாசலை நெருங்கும்போது உறுமிச் சத்தத்தில் பூமியே மிதந்தது. உடம்பு காற்றாய்ப் போனது மாதிரி ஒரு கிறுகிறுப்பு. குடத்தை இறக்கி உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது, தோள் தூக்கித் தூக்கிப் போட்டது.

"ஆத்தா வந்துட்டா" என்றது கூட்டம்.

காலையில்தான் என்னைச் சோம்பேறி என்று வைத மாமியார் பொத்தென்று என் காலில் விழுந்தார். "தாயி, தொலைஞ்சுபோன எம் மூக்குத்தி யாருட்ட இருக்கு? சொல்லிப்புட்டுப் போ."

மூச்சு முட்டுகிறது என்று சொல்லப் பார்த்தேன். பாதிச் சொல்லுக்குக்கூடக் காற்று இல்லை. தண்ணீர்ப் பானையைக் கை காட்டினேன். பானைக்குப் பக்கத்தில் என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, நின்றாள்.

"நீதானாடி?"

"நான் எடுக்கல அத்தை. ஆத்தா மேல சத்தியமா."

"ஆத்தாவே சொல்லுறா, அவ மேலயே சத்தியமா?"

எனக்குச் சிரிப்பு பொங்கியது. சிரிக்கத்தான் மூச்சில்லை.

மேளம் நின்றது. சாமியாடிய மற்றப் பெண்கள் தண்ணீர் குடித்துவிட்டு ஊர்க்கதை பேசத் தொடங்கினார்கள். எனக்கும் திருநீறு பூசி வேப்பிலை வீசினார்கள், இரைப்பு அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கி வந்து முகத்தைப் பார்த்தார்.

"அம்மா, ஒக்காந்து இம்புட்டு நேரமாச்சு, இன்னும் இரைக்குது. உதடு நீலம் பாஞ்சிருக்கு. இது சாமி இல்ல."

"ஏலே, தெய்வக் குத்தமாயிரும்."

"அதுக்கு நான் மொட்டை போட்டுக்கிறேன். வழிய விடு."

மாரியாத்தா என்மேல் வந்தாளோ என்னவோ, அன்றைக்கு அவர் கண்ணில் வந்திருந்தாள் என்றே இன்றும் நம்புகிறேன்.

குதிரை வண்டியில் படுத்தால் நெஞ்சு இன்னும் அடைத்தது. அவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்தார். "பிரசவத்துல போன ரத்தம் ஊறவே இல்ல. இருதயம் திணறுது. தண்ணிக்குடம் தூக்குறப்ப முந்தியே இரைச்சிருக்குமே, கால் வீங்கியிருக்குமே?" தலையாட்டினேன். "அப்பவே வந்திருக்கணும். சும்மா உட்கார்ந்திருக்கிறப்ப மூச்சு வாங்கினா, பேச முடியலைன்னா, செத்த நேரம்கூடத் தாமதிக்கக் கூடாதும்மா."

குழாய் வழியே பிராணவாயு வந்தது. குளிர்ந்த மோரைப் போல இறங்கியது. மறுபடி தலை கிறுகிறுத்தது, இந்தத் தடவை சந்தோஷத்தில்.

ஊசியும் மருந்துமாய்ச் சில நாள் போயின. மல்லாந்து படுக்க முடிந்த அன்று மாமியார் கஞ்சி கொண்டுவந்தார், கொஞ்சம் பயந்தபடியே.

"அத்தை, நான் தண்ணிப் பானையத்தேன் காட்டுனேன், சின்னவளைக் காட்டல, மூக்குத்தியப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது, அவளை வையாதீங்க" என்று எங்கும் நிற்காமல் சொல்லி முடித்தேன்.



"மூச்சு வந்துருச்சு, வாயும் வந்துருச்சு" என்று தலையில் அடித்துக்கொண்ட மாமியார், முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் கஞ்சியை ஆற்ற ஆரம்பித்தார்.