கழுவிக் கொடுத்த தூக்கு

நான் பொய்க்காரி. பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்கா வருடா வருடம் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைச் சிரித்த முகத்தோடு வாங்கி, முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். பதினொரு வருடம்! ஒரு பருக்கைகூட வாயில் வைத்ததில்லை.

கேட்கவே கூசுகிறதா உங்களுக்கு? எனக்கும்தான்.

என் கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. குவார்ட்டர்ஸை விட்டு வெள்ளானூரில் வீடு கட்டி வந்தபோது, முதல் குடம் தண்ணீர் கொடுத்தவள் அக்காதான். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில், ஒரு தூக்கு நிறையப் பொங்கல் மதில்மேல் ஏறி வரும். "ஜெபா, சூடா கீது, பசங்களுக்குக் குடு!"

நானோ சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்னலாமா? புதைத்துவிட்டு, தூக்கைப் பளபளவென்று கழுவி, வெறுமனே திருப்பக் கூடாதென்று ஒரு பிடி சர்க்கரையும் போட்டுக் கொடுப்பேன். "பிரமாதம் அக்கா!" என்று வாய் வேறு கூசாமல் சொல்லும். என் கிறிஸ்துமஸ் கேக்கை அவள் மதிலோரமே நின்று தின்பாள்.

அவளுக்காக ஜெபிக்காத நாளில்லை... அழிந்துபோவாளே என்ற பயத்தில்! தேவ அன்பு எல்லாருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது எங்கள் மதிலோடு நின்றுவிடும் என்று உள்ளுக்குள் நம்பினேன். இதை என்னவென்று சொல்வது?

போன ஆடியில் அக்காவுக்கு முட்டிவலி. கூடமாட உதவலாமென்று பின்வாசல் வழியே போனேன். உள்ளே அவள் மருமகளின் குரல்.

"இன்னா அத்தே, சாமிக்குப் படைக்காமலே தூக்குல எடுக்கிறீங்க?"

"ஜெபாவுக்கும்மா. அவங்க சர்ச்சுக்குப் போறவங்க, சாமிக்குப் படைச்சத துன்ன மாட்டாங்க. வருசா வருசம் அவ பங்கத்தான் முதல்ல எடுத்து வெப்பேன். அப்பால ஆத்தாகிட்ட சொல்லிடுவேன்... அவளும் உன் புள்ளதான், கோச்சிக்காத தாயேன்னு."

ஐயோ! நான் புதைத்தது படைத்ததே இல்லையா! என் விசுவாசத்துக்கு இடறல் வரக் கூடாதென்று தன் தெய்வத்தின் கோபத்துக்கே துணிந்திருக்கிறாள். அவள் அழிவாள் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவளோ எனக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருந்தாள்!

அன்று வந்த பொங்கலை என் அடுப்படியில் நின்றபடியே தின்றேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. நெஞ்சில் கிடந்த அந்தப் பயம் போயே போய்விட்டது! என் இயேசுவை நான் இம்மியும் விடவில்லை. அவர் அன்பு எனக்கு முன்பே மதிலைத் தாண்டிப் போய், அக்காவின் அடுப்படியில் கரண்டி பிடித்துக்கொண்டிருந்ததே! பாஸ்டரிடம் சொன்னால் என் தலையில் கைவைத்து ஜெபிப்பார். போகட்டும். இப்போதும் அக்காவுக்காக ஜெபிக்கிறேன், முட்டிவலிக்காக மட்டும்.

மறுநாள் தூக்கோடு போனேன். "அக்கா, ஒண்ணு சொல்லணும்..."

அவள் தூக்கை வாங்கிப் பார்த்துப் பூரித்துப்போனாள். "எனுக்குத் தெரியாதா? பதினோரு வருசமா ஒரு பருக்கை மிச்சம் வெச்சியா நீ! எங்க ஊட்லயே யாரும் இப்டி ஆசையா துன்னதில்லமா."

"ஆமாக்கா" என்றேன்.

பாருங்கள், இன்னொரு பொய்! உங்களிடம் சொல்லிவிட்டேன், பாதி பாரம் இறங்கிவிட்டது. மீதியைக் கேட்க வேண்டியவள் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்... ஆடி பிறந்துவிட்டது.