கையில் காட்டு

என் மேசையில், கணினித் திரைக்குக் கீழே, விரல் நீளச் செப்புக் குழாய் ஒன்று கிடக்கிறது. நடுவில் மயிரிழை விரிசல். சித்தப்பா அந்தமானில், ரங்கத் என்ற ஊரில் ஓட்டிய மோட்டார் போட்டின் டீசல் குழாய் அது.

எழுபதுகளின் தொடக்கம். சித்திக்கு வலி கண்டுவிட்டது; பிள்ளை குறுக்கே கிடந்தது. போர்ட் பிளேர் போனால்தான் இரண்டு உயிரும் தப்பும் என்று நர்ஸ் கையை விரித்தாள். சித்தியைப் போட்டில் ஏற்றி, தலையை என் மடியில் வைத்தார்கள். எஞ்சினைக் கிளப்பியதுமே குழாய் விரிசல் விட்டு டீசல் பீய்ச்சியது. சித்தப்பா பதறவில்லை. மெயின்லாண்டிலிருந்து உதிரிச் சாமான் எப்போதாவதுதான் வரும். அதனால் படகுத்துறையிலிருந்த இரண்டு போட்டுக்கும் பொதுவாக ஒரு ஸ்பேர் குழாய் என்பது ஏற்பாடு. அதை எடுக்க, பக்கத்தில் கட்டிக் கிடந்த போட்டின் வங்காளி டிரைவரிடம் ஓடினார்.

"அரே பாய், வோ தோ ஆப்கே பாஸ் ஹை நா?" என்றார் அவர். அது உங்களிடம்தானே இருக்கிறது என்று அர்த்தம். அவருடைய குழாயும் உடைந்து, சித்தப்பாவிடம் கேட்கத்தான் காத்திருந்தாராம்.

"மேரே பாஸா? என்கிட்டயா? உன் பெட்டியிலதானய்யா இருக்கு!" என்றார் சித்தப்பா.

இரண்டு பெட்டியையும் கவிழ்த்தார்கள். இல்லை. அது கப்பலிலிருந்து இறங்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சித்தியின் நகங்கள் என் மணிக்கட்டில் இறங்கின. பக்கத்து ரைஸ்மில்காரர் தன் மில்லில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தி, அதன் குழாயைக் கழற்றிக் கொடுத்தார். அதை வளைத்துப் பொருத்துவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது.

சித்தி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு 'இருக்கு' என்று யார் சொன்னாலும் சித்தப்பாவுக்குப் போதாது. "எடுத்துக் கையில காட்டு" என்பார். வீட்டில் தீப்பெட்டிக்குக்கூட இதே பாட்டுதான். எங்களுக்கு எரிச்சலாக வரும். சித்தி மட்டும் உடனே எடுத்துக் காட்டுவாள்.

இன்று நாங்கள் கட்டுவது ஆம்புலன்ஸ்களை அனுப்பும் மென்பொருள். நாளை வெளியீடு; சோதனையெல்லாம் தேறி, திரையில் பச்சை. ஒரு கட்டளை தட்டினால், எந்த நிரல் துண்டு எதை நம்பி நிற்கிறது என்று திரையில் கிளை கிளையாக விரியும். ஒவ்வொரு கிளையாக இறங்கினேன். அடியில் ஒரு சின்னத் துண்டு. அதைக் கொடுக்கும் சர்வர் விழுந்தால் இரண்டாவது சர்வர் கொடுக்கும் என்று எழுதியிருந்தது. இரண்டாவதைத் திறந்தேன். தன்னிடம் இல்லாததை அது முதல் சர்வரிடம்தான் கேட்டு வாங்குகிறது.

முதலாவது விழுந்தால் இரண்டிடமும் அது இருக்காது. வெளியீட்டை நிறுத்தச் சொல்லி மேலாளருக்குப் போன் போட்டேன்.

"அதான் பேக்கப் இருக்கே மேடம்?" என்றார்.

விரிசல் விட்ட குழாய் என் கைக்குள் இருந்தது.

"எடுத்துக் காட்டுங்க" என்றேன்.