பல் டாக்டரின் முதல் பத்து

“வாயை மூடாதீங்க, அப்படியே இருங்க” என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் ஆரம்பிப்பார். நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் வாய்க்குள் பல் செட்டுக்கு அளவெடுக்கும் பசை இருக்கும். அது இறுகும்வரை அவரால் பேச முடியாது, துப்ப முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. அந்த நேரம் பார்த்து, எண்பதுகளில் வந்த படங்களில் தலைசிறந்த பத்து எவை என்று டாக்டர் சொல்லத் தொடங்குவார். பத்தாவதில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுவார். பசை இறுகுவதற்கும் அவருடைய அபிமானக் கப்பல் படம் முதலிடத்துக்கு வந்து சேர்வதற்கும் சரியாக இருக்கும்.

நடுவில் யாராவது புருவத்தைச் சுருக்கினால், “என்ன, ஒத்துக்க மாட்டீங்களா?” என்று கேட்பார். பதில் வராது என்று தெரிந்தே கேட்கிற கேள்வி. பசையை வெளியே எடுத்தபின், நாற்காலியில் இருப்பவர் வாய் கொப்பளித்து, மறுத்துப் பேசத் தொடங்குவதற்குள் அடுத்தவரை உள்ளே வரச்சொல்லிவிடுவார். பல வருடமாக அவரிடம் வேலை பார்க்கும் நர்சம்மாவுக்கு அந்தப் பத்தும் தலைகீழ்ப் பாடம். டாக்டருக்கு ஏழாவது படம் மறந்துபோனால், ஊசியை எடுத்துக் கொடுக்கும்போதே அதையும் எடுத்துக் கொடுப்பார். நர்சம்மாவுக்கோ அந்தப் பத்தில் ஒன்றுகூடப் பிடிக்காது.

ஊரார் பல்லையெல்லாம் வரிசையில் நிறுத்துகிற டாக்டருக்குச் சொந்தக் கீழ்வரிசை கோணல். சரிசெய்துகொள்ளக் கூடாதா என்று கேட்டால், “இன்னொருத்தர்கிட்ட வாயைத் திறந்துகிட்டு நான் பேசாம உட்காரணுமா?” என்பார். அறுபதை எட்டப்போகிற வயது. சிரிக்கும்போது மட்டும் புறங்கை தானாக வாயை மறைத்துக்கொள்ளும்.

படங்களையும் அவர் பல்லைப் பார்த்தே எடை போட்டார். சோற்றுக்கு வழியில்லாத கதாநாயகன் முத்துப்போல் பல்லைக் காட்டி அழுதால் அந்தப் படத்துக்கு அவரிடம் இடமில்லை. கப்பல் படத்தின் கதாநாயகிக்குத் தெத்துப்பல் உண்டு. கப்பலில் போன கணவனுக்காகத் துறைமுகத்தில் காத்திருந்து காத்திருந்து, கடைசிக் காட்சியில் தூரத்தில் புகையைக் கண்டதும் அந்தப் பல் தெரியச் சிரிப்பாள். “அது பொய்ச் சிரிப்பே இல்லைங்க” என்று டாக்டர் சொல்லும்போது, வாய் நிறையப் பசையோடு இருப்பவர்கூட ஒரு கணம் அவளைப் பார்த்துவிடுவார்.

வெளியாட்களிடம் இப்படி ஒருதலையாக வெற்றி கண்ட மனிதர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்கா வீட்டில் போய் முழு உதையும் வாங்கிக்கொண்டு வருவார். உதைப்பவர் மச்சான். அக்காவின் கணவர். இன்சூரன்சு கம்பெனிக்காக, விபத்தில் நசுங்கிய வண்டிகளைச் சுற்றிவந்து, தப்பு யார் மேல் என்று சொல்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில் மனைவியையும், மீசை முளைக்காத மைத்துனனையும் வாரந்தவறாமல் தியேட்டருக்கு அழைத்துப்போனவர் அவர்தான். அக்கா பாதிப் படத்தில் தூங்கிவிடுவாள். மற்ற இருவரும் வீடு வரும்வரை சண்டை போட்டுக்கொண்டு நடப்பார்கள். அந்தச் சண்டை அதன் பிறகு ஓயவே இல்லை.

மச்சானுக்கு முதலிடம் தபால்காரர் படம். டாக்டர் அதற்கு ஆறாவது இடத்துக்குமேல் கொடுத்ததில்லை. கடைசிச் சண்டையில் தாடை உடைந்த தபால்காரர், மறுநிமிடம் மழையில் நின்று முழுப் பாட்டுப் பாடுகிறார் என்பது அவருடைய வழக்கு. “தாடை உடைஞ்சவன் தண்ணி குடிக்கவே முடியாது மச்சான்.” மச்சானும் சளைத்தவரில்லை. கப்பல் படத்தில் லாரி இடதுபக்கம் மோதுகிறது, அடுத்த காட்சியில் காரின் வலதுபக்கம் நசுங்கியிருக்கிறது. இந்த லட்சணத்தில் அது முதலிடமா? “நீ படத்துக்கா மார்க் போடறே மாப்ளே? தெத்துப்பல்லுக்குப் போடறே” என்பார். இந்த வரிசையை ஒருநாளும் அவர்கள் எழுதிவைத்ததில்லை. எழுதிவிட்டால் போன வாரம் சொன்னதை இந்த வாரம் மாற்ற முடியாதல்லவா?

சென்ற வருடம் மச்சானைப் பக்கவாதம் அடித்தது. பிழைத்து வீடு வந்துவிட்டார். வலது கையும் பேச்சும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், முயன்றால் ஓரளவு திரும்ப வரும், ஆனால் அவர் முயலவேண்டுமே என்று கவலைப்பட்டாள். அவர் முயலவில்லை. பிடித்து அழுத்தும் பயிற்சிக்கான பந்தைக் கையில் வைத்தால் உருண்டு விழும்படி விட்டுவிடுவார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

டாக்டர் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து, தான் மச்சானுக்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரத்தைச் செய்தார். விட்டுக்கொடுத்தார். “தபால்காரர் படம்தான் முதல் படம் மச்சான். இத்தனை நாள் நான் வீம்புக்குப் பேசிட்டிருந்தேன்.” மச்சானின் கண்களில் நீர் நிறைந்து காதோரம் வழிந்தது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு இரண்டாவது இடத்தையும் மச்சானுக்கே கொடுத்தார். அதற்கடுத்த ஞாயிறு கார் நசுங்கியது தப்புத்தான் என்று ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு முறையும் மச்சான் அழுதார், சுவர்ப்பக்கம் திரும்பினார். டாக்டர் மனநிறைவோடு வீடு திரும்பினார்.

கடைசியில் அக்காதான் தம்பியைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை, அடுப்பை மட்டும் அணைத்தாள்.

“நீ இங்க வந்து தோத்துக் குடுக்காதே தம்பி.”

“அவர் மனசு சந்தோஷப்படட்டுமேன்னுதான் அக்கா.”

“எந்தச் சந்தோஷம்? முப்பது நாப்பது வருஷமா ஒரு படத்தை விட்டுக்குடுக்காதவன் நீ. இப்ப எல்லாத்தையும் தூக்கிக் குடுக்கறே. நீயும் டாக்டர். நமக்குத் தெரியாத எதையோ ஆஸ்பத்திரியில இவன்கிட்ட சொல்லிட்டாங்க போலன்னு நினைச்சுக்கிட்டுக் கிடக்கறார் அவர். நீ போனப்புறம் ராத்திரி சாப்பாடே எடுக்கறதில்லை.”

டாக்டர் கோணல் பல்லை நாக்கால் தடவிக்கொண்டு நின்றார். தன் அன்பு அந்த மனிதரை உயிரோடு வழியனுப்பிக்கொண்டிருந்தது என்று விளங்கியபோது அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்த வாரம் முழுவதும் அவர் வாயே திறக்காமல் அளவெடுத்தார். நாற்காலியில் இருந்தவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். பதில் சொல்ல முடியாத வாயைப் பார்த்தாலே அவருக்கு மச்சானின் முதுகு ஞாபகம் வந்தது. நர்சம்மாவே பொறுக்க முடியாமல், “ஏழாவது படம் மறந்துபோச்சா டாக்டர்?” என்று கேட்டுப் பார்த்தார். மறக்கவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனார். பார்வையாளர் உட்காருகிற ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, கூடத்திலிருந்து, தான் எப்போதும் உட்கார்ந்து சண்டை போடும் பழைய நாற்காலியை இழுத்துவந்து கட்டிலுக்கு நெருக்கமாகப் போட்டார். காலைக் கட்டில் சட்டத்தில் நீட்டிக்கொண்டார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முதுகிடம் பேச ஆரம்பித்தார்.

போன வாரம் வரை சொன்னதெல்லாம் நோயாளிக்கு முகத்தாட்சண்யம் என்றார். இனிமேல் அது கிடையாது என்றார். தபால்காரர் படத்துக்கு ஆறாம் இடம்கூட அதிகம், பத்துக்குள்ளேயே அதற்கு இடமில்லை, ஊளைப் பாட்டும் உடைந்த தாடையுமாக அது ஒரு படமா என்று கேட்டார். முதுகு அசையவில்லை. கதவருகே நின்ற அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டாக்டர் கப்பல் படத்தையும் முதலிடத்திலிருந்து இறக்கினார்.  

“முதல் படம் குதிரைப் படம்தான் மச்சான்.”

எஜமானைக் கொன்றவனைக் குதிரை நீதிமன்றத்தில் குளம்பால் சுட்டிக்காட்டுகிற படம் அது. எதிலுமே ஒத்துப்போகாத இருவரும் ஒரே மனதாக இடைவேளையில் எழுந்து வெளியே வந்த ஒரே படம். அக்காகூட அன்று தூங்காமல் சிரித்தாள். டாக்டர் விடவில்லை. குதிரையின் பல் ஒவ்வொன்றும் அசல் என்றார். அந்தப் பத்து வருடத்தில் அதுபோல் நடித்தவர் யாருமில்லை என்றார். குரல் நடுங்கத் தொடங்கியதை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினார். ஆள்காட்டி விரலை உயர்த்தி, “நம்பர் ஒன்” என்றார்.

போர்வை அசைந்தது. யாரும் புரட்டிவிடாமல், இடது முழங்கையை ஊன்றி, மூச்சு வாங்க, மச்சான் தானாக இந்தப் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. கோணிய வாய் எதையோ சொல்ல முயன்று, முயன்று, காற்றை மட்டும் வெளியே விட்டது. பேச்சு வராத கோபத்தில் இடது கை எழுந்து டாக்டரின் விரலைப் பிடித்தது. பிடித்த வேகத்தில் அதை மடக்கிக் கீழே அழுத்தியது.

வலித்திருக்க வேண்டும். டாக்டர் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் மோவாய்வரை வந்ததைத் துடைக்கவுமில்லை. இன்னொரு கையின் விரலை உயர்த்தி, மச்சானின் அசையாத வலது கைக்கு எட்டுகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.