ஸ்டிக்கர் சிஸ்டர் வாங்கிய கையெழுத்து

அவசர சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு ஸ்டிக்கர் சிஸ்டர் என்று பெயர். பல்வலி என்று வந்தாலும் சரி, தோள்வலி என்று வந்தாலும் சரி, நாற்பதைத் தாண்டிய ஆள் என்றால் முதலில் நெஞ்சில் ஸ்டிக்கரை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்துவிடுவாள்.

"சாவி தொலைஞ்சுபோச்சுன்னு வந்தாக்கூட ஒட்டிடுவீங்க போலிருக்கே" என்பார் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்.

"உங்களுக்கும் நாப்பது தாண்டியாச்சு. வந்து படுங்க, ஒட்டுறேன்."

அவளுடைய இன்னொரு பழக்கம்தான் டாக்டர்களுக்கு எரிச்சல். யார் எதைச் சொன்னாலும் கேஸ் ஷீட்டில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து வாங்காமல் நகரமாட்டாள். வேண்டும் என்றாலும் கையெழுத்து, வேண்டாம் என்றாலும் கையெழுத்து.

சும்மா வந்த பழக்கமா அது? பதினோரு வருடத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவளுடைய சொந்த அக்கா இதே அறைக்கு வந்தாள். மேல்வயிற்றில் எரிச்சல், குமட்டல், ஜாக்கெட் நனைந்துபோகும் அளவுக்கு வியர்வை. சர்க்கரை நோய்க்காரி. சர்க்கரை உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரும். டியூட்டி டாக்டர் வயிற்றை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "வாய்வு" என்றார்.

"ஈ.சி.ஜி. எடுத்துடலாமா சார்?"

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

மெஷின் நாலடி தூரத்தில் நின்றது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அக்காவோ, "அவர் சொன்னா சரியாத்தான்டி இருக்கும்" என்று மருந்தைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். விடிவதற்குள் செத்துப்போனாள். விசாரணை வந்தபோது அந்த மகானுபாவர் கூசாமல் சொன்னார்: "நான் எடுக்கச் சொன்னேன். சிஸ்டர்தான் எடுக்கலை." ஏட்டில் ஒரு வரி இல்லை. யார் பேச்சு எடுபடும்? பெற்ற தாயே, "கண்ணு முன்னாடி இருந்த மெஷினை ஏன்டி தொடலை?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியோடேயே போயும் சேர்ந்தாள்.

டாக்டர் அந்தப் பிரிவுக்கே தலைவரானார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குப் பூமியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அந்த ஆள் தலை குனிய வேண்டும், அதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு மதியம் தலைவரே தன் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அந்த அம்மாளுக்கு மேல்வயிற்றில் எரிச்சல், தாடையில் இழுப்பு, நெற்றியெல்லாம் வியர்வை. பத்து வருடமாகச் சர்க்கரை.

"வாய்வுதான் சிஸ்டர். ஒரு ஊசி போட்டு அனுப்புங்க. எனக்கு மீட்டிங் இருக்கு."

"ஈ.சி.ஜி. சார்?"

"உங்க ஸ்டிக்கர் பைத்தியத்தை இவகிட்ட காட்டாதீங்க. வேண்டாம்."

அவள் எழுதினாள்: "வாய்வு. ஈ.சி.ஜி. தேவையில்லை. 2.40." நீட்டினாள். படித்துக்கூடப் பார்க்காமல் கிறுக்கிவிட்டுப் போனார்.

அடேயப்பா! இந்த முறை அவள் கீழ்ப்படிந்தால் போதும். ஊசியைப் போட்டு அனுப்பிவிடலாம். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது, கையெழுத்து இருக்கிறது. அக்காவுக்கு ஈடு. ஊசிக்குள் மருந்தை ஏற்றியும்விட்டாள்.

கட்டிலில் இருந்த அம்மாள் மூச்சு வாங்கியபடி, "அவர் சொன்னா சரியாத்தான்மா இருக்கும்" என்றாள்.

அக்காவின் அதே வார்த்தை. அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இவள் செத்தால் அந்த ஆளுக்கு என்ன ஆகும்? ஊரே திரண்டு வந்து ஆறுதல் சொல்லும். ஒரு மாதம் அழுவார், பாவம் என்பார்கள். இவ்வளவு சுலபமாகவா விடுவது? கூடாது, இவள் பிழைக்க வேண்டும்.

ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு ஸ்டிக்கரை எடுத்தாள். 2.44-க்குத் தாள் வெளியே வந்தது. இதயத்தின் அடிப்பக்கத்தில் பெரிய மாரடைப்பு. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டே ஆஸ்பிரினை மெல்லவைத்தாள், ஓடினாள், ஸ்ட்ரெச்சரைத் தானே தள்ளினாள். அடைப்பை எடுக்கும் அறைக்கு அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றாகவில்லை.

மூன்றாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் டாக்டர்கள். தலைவர் மனைவியின் தோளைத் தட்டி, "நல்லவேளை, வந்த உடனே கண்டுபிடிச்சிட்டோம்" என்றார்.

பார்க்க வந்திருந்த ஸ்டிக்கர் சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் பிரித்து அந்த அம்மாளின் மடியில் வைத்தாள்.

"இது உங்க ஷீட்டும்மா. 2.40-க்கு ஒரு கையெழுத்து, 2.44-க்கு ஒரு கையெழுத்து. படிச்சுப் பாருங்க. எங்க அக்காவையும் சார்தான் பார்த்தாரு. அவளுக்கும் வாய்வுன்னுதான் சொன்னாரு. காட்டுறதுக்கு அன்னைக்குக் காகிதம் இல்ல. இன்னைக்கு அக்கா இல்ல."

அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். முதல் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். முப்பது வருடமாகப் பார்த்த கையெழுத்து.

"ஏங்க, இவங்க அக்காவுக்கு என்ன ஆச்சு?"

தலைவர் தரையைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்குறேன்."

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நன்றாகச் சாப்பிட்டு, மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு, அந்த அம்மாள் இன்னும் முப்பது வருடம் இருக்க வேண்டும். தினமும் காலையில் எழுந்ததும் அந்த ஆளிடம் இதையே கேட்க வேண்டும்.